ஆண்டு முழுவதற்கும் பாட்டு கட்டச் சொல்லிவிட்டார் சாமியார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

வெண்ணாற்றங்கரை | 14 செப்டம்பர் 2024

எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு சின்னப் பங்கு எங்களுடையது. நான் அங்கே கீபோர்டு. வேளாங்கண்ணித் திருவிழா எட்டாம் தேதி முடிந்து எல்லாரும் ஊர் திரும்பிய கையோடு, சாமியார் பாடகர் குழுவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "எல்லா ஊர் பாட்டையும் பாடியாச்சு. நம்ம கோயிலுக்குன்னு ஒரு வருஷத்துப் பாட்டு நீங்களே கட்டுங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

திருவருகைக்காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறு) தொடங்கும் முதல் ஞாயிறு டிசம்பர் 1. இன்றிலிருந்து எண்ணினால் 11 வாரம். குழுவில் 14 பேர். பெண்கள் 9, குரல் உடைகிற வயதில் பையன்கள் 3, ஆண்கள் 2. அந்த இரண்டில் ஒருவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறார், தை பிறந்தால் மாசி வரை ஆள் கிடைக்காது. தபலாவுக்கு என் சித்தப்பா. எனக்கு ச ரி க ம எழுதத் தெரியும், சொல்ஃபா (டோ ரே மி) படிப்பேன், ஐந்து கோட்டு நொட்டேஷன் எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

ஆர்வக் கோளாறில் நாலு குரலில் (பெண்களுக்கு சோப்ரானோ, ஆல்டோ, ஆண்களுக்கு டெனர், பேஸ்) ஒரு வருகைப் பாடல், அதாவது திருப்பலி தொடக்கப் பாட்டு, எழுதி முடித்துவிட்டேன். முதல் வரி "ஆண்டவர் வரவுக்கு". போன வியாழக்கிழமை ஒத்திகை. மூன்றாவது வரியில் சரிந்துவிட்டது. பேஸ் பாட வேண்டியவர் சோப்ரானோவைப் பாடிக்கொண்டிருந்தார், அதுவும் ஒரு ஸ்தாயி கீழே. மூத்த அக்கா ஒருவர், "தம்பி, நாங்க என்ன பாடுறோம்னு எங்களுக்கே புரியலையே" என்றார். ரெக்கார்டு செய்ததைக் கேட்டேன். எனக்கும் புரியவில்லை.

நாலு குரலை விட்டுவிடுவதா? முதலில் எதை எழுதுவது?

---

காவிரி கிளாரினெட் | 14 செப்டம்பர் 2024

முதலில் அந்த ரெக்கார்டிங்கை அழித்துவிடுங்கள்.

---

தரங்கை டெனர் | 15 செப்டம்பர் 2024

சகோதரருக்கு ஸ்தோத்திரம். நான் லுத்தரன், நீங்கள் கத்தோலிக்கர். ஆனாலும் நாலு குரல் மேல் பழி விழும்போது சும்மா இருக்க முடியவில்லை.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706. புதிய எருசலேம் ஆலயம் கட்டியது 1718. ஜெர்மன் இசைமேதை பாக் லைப்சிக் நகரத்துக்கு வேலைக்குப் போனதே 1723இல்தான். அவர் அங்கே போய் உட்கார்வதற்கு முன்பே எங்கள் ஊர்க் கடற்கரையில் ஜெர்மன் மெட்டில் தமிழ் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் "இது நம்ம மண்ணுக்கு ஒட்டாது" என்று யாராவது ஆரம்பித்தால், 300 வருஷமாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்பதே என் பதில். எங்கள் பாட்டிமார் ஆல்டோவை யாரும் சொல்லித்தராமலே பாடுவார்கள்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் வேறு. நாலு பேருக்கும் நாலு தாளத்தில் வார்த்தை கொடுத்திருப்பீர்கள். ஒரே நேரத்தில் ஒரே அசையை எல்லாரும் சொல்லட்டும், சுரம் மட்டும் மாறட்டும். வார்த்தை தானாகக் கேட்கும். இரண்டு ஆண்களை வைத்துக்கொண்டு டெனர், பேஸ் என்று பிரிப்பதும் வேண்டாத வேலை. சோப்ரானோ, ஆல்டோ, ஆண்கள் என மூன்று போதும்.

இன்னொன்று. லைப்சிக்கில் திருவருகையின் முதல் ஞாயிறு முடிந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும், அப்புறம் லெந்து (தவக்கால) நாட்களிலும் ஆராதனையில் பெரிய இசை கிடையாது. பாக் அந்த வாரங்களில்தான் கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் எழுதுவதற்கு நேரம் பிடித்துக்கொண்டார். நீங்களும் திருவருகையை எளிமையாக முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை டிசம்பர் 24 இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

---

உபதேசியார் பேரன் | 15 செப்டம்பர் 2024

> ஆண்டவர் வரவுக்கு

இந்த வரியைப் படித்ததுமே எங்கே சரிந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. கடைசி "கு"வில் எத்தனை அட்சரம் (தாள எண்ணிக்கை) நிறுத்தினீர்கள்? நாலா?

அந்த "கு" குற்றியலுகரம், அதாவது குறுகிய உகரம். பேசும்போதே பாதி மாத்திரைதான் வாயில் நிற்கும். அதை இழுத்தால் "வரவுக்கூ" ஆகிவிடும். குயில் கூவுகிற மாதிரி இருக்கும், அர்த்தம் போய்விடும். வெளிநாட்டு மெட்டுக்குத் தமிழ் வார்த்தை போட்ட எத்தனையோ பாட்டில் இந்தக் கோளாறு உண்டு. அங்கே ஒரு அசையை அழுத்திச் சொன்னால் போதும், நீளம் எப்படி இருந்தாலும் வார்த்தை அதே வார்த்தைதான். இங்கே நீளமே அர்த்தம். "விடு" என்பதை இரண்டு அட்சரம் இழுத்தால் "வீடு". "பாவத்தை விடு" என்று எழுதி, ஜனங்கள் "பாவத்தை வீடு" என்று பாடுவதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன்.

எங்கள் தாத்தா நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். சுரம் எழுதத் தெரியாது. ஆனால் ஒரு பாட்டைக் கையில் வாங்கினால் முதலில் மெட்டில்லாமல் சத்தமாகப் படிப்பார். எங்கே வாய் தானாக நீள்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. எங்கே மெய்யெழுத்து அடைக்கிறதோ அங்கே ஒரு புள்ளி. கோடு விழுந்த இடத்தில்தான் கார்வை, நீட்டி நிற்பது. புள்ளியில் நிற்கவே கூடாது, தாண்டிப் போய்விட வேண்டும். வரியின் கடைசியில் ஆ, ஏ, ஓ வந்தால் சிரிப்பார். உ வந்தால் முகம் சுளிப்பார். நம் பழைய பாட்டுகளில் ஏன் "நாதா", "தேவா", "ஐயனே" என்று வரி முடிகிறது என்று நினைக்கிறீர்கள்? பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், மூச்சு நிற்க இடம் வேண்டுமே.

---

வெண்ணாற்றங்கரை | 15 செப்டம்பர் 2024

நாலு இல்லை, ஆறு அட்சரம். வெட்கமாக இருக்கிறது.

பென்சில் வித்தையை இப்போதே என் பாட்டில் செய்து பார்த்தேன். எட்டு வரியில் ஆறு வரி உகரத்தில் முடிகிறது.

---

மாயவரத்து மணி | 16 செப்டம்பர் 2024

நம்ம பக்கத்து வேதநாயகமே இதற்கு வழிகாட்டி. மாயவரத்தில் முன்சீபாக இருந்துகொண்டே பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர் அல்லவா? குறவஞ்சி என்ற நாட்டு வடிவத்தை அப்படியே எடுத்துக் கிறிஸ்துவுக்குப் போட்டார்.

---

உபதேசியார் பேரன் | 16 செப்டம்பர் 2024

மணி அண்ணே, இரண்டு வேதநாயகத்தையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டீர்கள். மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1826–1889, கத்தோலிக்கர், பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் அவருடையது. குறவஞ்சிக்காரர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், 1774–1864, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி ராஜாவோடு கூடப் படித்தவர். குறவஞ்சி 1800.

ஆனால் நீங்கள் சொன்ன விஷயம் சரி. ராஜா மேல் குறவஞ்சி ஆடிய ஊரில், அந்த வடிவத்தையே அவர் எடுத்தார். அதே காலத்தில் திருவாரூர்க்காரர் முத்துசாமி தீட்சிதர், வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுக்கு சமஸ்கிருத வார்த்தை போட்டு நொட்டுஸ்வரம் செய்துகொண்டிருந்தார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டே அதில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்திலேயே அவனவன் அடுத்த வீட்டு மெட்டைக் கடன் வாங்கியிருக்கிறான். இப்போதுதான் நமக்குச் சண்டை.

---

மாயவரத்து மணி | 16 செப்டம்பர் 2024

மாப்பு. இருபது வருஷமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கேட்ட ஒருத்தரும் திருத்தவில்லை.

---

குடமுருட்டி | 18 செப்டம்பர் 2024

தம்பி, நான் எங்கள் பங்கில் பதிலுரைப் பாடல் (வாசகத்துக்குப் பிறகு ஜனங்கள் பல்லவி சொல்ல, ஒருவர் பாடுகிற திருப்பாடல்) பாடுகிறவள். வயலும் உண்டு. மெட்டுக்கு முன்னால் ஒரு விஷயம் கேட்க வேண்டும் உங்களிடம். திருவருகைக்கு என்று எழுதுகிறீர்களே, டிசம்பர் முதல் வாரத்தில் உங்கள் ஊர் எப்படி இருக்கும்?

வழிபாட்டு ஆண்டு பனிக்கால நாட்டிலிருந்து வந்தது. இருட்டு, குளிர், காய்ந்த மரம், அப்புறம் ஒளி. நமக்கு அது அடைமழைக் காலம். சம்பா நட்டு, பயிர் தண்ணீருக்குள் நிற்கும். வானத்தைப் பார்த்தபடிதான் கோயிலுக்கே வருவோம். இந்த நேரத்தில் எசாயா 45:8 வருகிறது, நாலாம் ஞாயிற்றின் வருகைப் பல்லவி. வானமே, மேலிருந்து பொழி, மேகமே, கொட்டு என்பது அதன் சாரம். பாலைவனத்துக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு அது ஏக்கம். 2018இல் நவம்பர் 16ஆம் தேதி கஜா அடித்துத் தென்னையெல்லாம் படுத்துக் கிடந்தபோது, அடுத்த மாதம் அந்த வரியை எங்கள் பங்கில் பாட ஆரம்பித்தோம். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வரியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதை எந்த ராகத்தில் போடுகிறீர்கள் என்பதில் யோசனை வேண்டும் என்கிறேன். துள்ளலாகப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். திருப்பலி வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாக வருமே, அதில் வரப்போவது மூன்றாம் ஆண்டு வாசகம். (மறக்கிறவர்களுக்கு: மூன்றால் மீதியில்லாமல் வகுபடுகிற வருஷம் மூன்றாம் ஆண்டு. 2025 வகுபடும். ஆனால் அது இந்த டிசம்பர் 1லேயே ஆரம்பித்துவிடும்.) இந்த ஆண்டில் திருப்பாடல் 126 இரண்டு முறை வருகிறது. திருவருகை 2ஆம் ஞாயிறு ஒரு தடவை, தவக்காலம் 5ஆம் ஞாயிறு ஒரு தடவை. கண்ணீரோடு விதைப்பவர்கள் அக்களிப்போடு அறுவடை செய்வார்கள் என்கிற பாட்டு அது. டிசம்பர் 8இல் பயிர் தண்ணீரில் நிற்கும்போது ஒரு முறை. ஏப்ரல் 6இல் சம்பா அறுத்து, அந்த ஈரத்திலேயே தெளித்த உளுந்தையும் பிடுங்கி முடிக்கிறபோது ஒரு முறை. ரோமையில் உட்கார்ந்து அட்டவணை போட்டவர்களுக்குத் தஞ்சாவூர் ஜில்லா தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நமக்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த ஒரு பல்லவியில்தான் ஆரம்பிப்பேன். வருகைப் பாடல் அப்புறம்.

---

வெண்ணாற்றங்கரை | 18 செப்டம்பர் 2024

அக்கா, இதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எங்களுக்கு ஒன்றே கால் ஏக்கர் இருக்கிறது. சம்பா நேரடி விதைப்பு. இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் யோசித்ததில்லை.

சரி, 126. பல்லவியின் இரண்டாம் பாதி "அதனால் நாம் பெருமகிழ்ச்சியுறுகின்றோம்". இதை எப்படி ஐயா பாடுவது? வாயில் கூழாங்கல் போட்ட மாதிரி இருக்கிறது.

---

உபதேசியார் பேரன் | 18 செப்டம்பர் 2024

பென்சிலை எடுங்கள். பெ ரு ம கிழ்ச் சி யு று கின் றோம். ஒன்பது அசைச் சத்தத்தில் கடைசி ஒன்றில்தான் நெடில். அதாவது எட்டு படியில் ஓடி இறங்கி, ஒன்பதாவதில் திண்ணையில் உட்கார வேண்டும். நடுவில் எங்கேயாவது நிறுத்தினீர்களோ, தடுக்கி விழுவீர்கள். ஓட்டமாகப் போய் "றோம்"இல் முழு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) நில்லுங்கள்.

இங்கே தரங்கை டெனருக்கு ஒரு சந்தோஷச் செய்தி சொல்ல வேண்டும். அவர்கள் பழைய மொழிபெயர்ப்பில் "கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்". நம் புதிய மொழிபெயர்ப்பில் "கண்ணீரோடு". அந்த ஒரு ஏகாரம் பாடகனுக்கு எவ்வளவு பெரிய உபகாரம் பாருங்கள்! நீரோடே என்று மூன்று நெடில் வரிசையாக, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். புதிய தமிழ் நல்ல தமிழ்தான், வாசிக்க அழகு. பாடுகிறவனைக் கேட்டிருந்தால் ஒரு ஏகாரத்தை விட்டு வைத்திருப்பார்கள்.

---

தரங்கை டெனர் | 18 செப்டம்பர் 2024

"கெம்பீரத்தோடே". சும்மா எழுதிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

---

கல்லணைக் கால்வாய் | 20 செப்டம்பர் 2024

ராகமும் ஹார்மனியும் எப்படி ஒட்டவைப்பது என்று யாரும் சொல்லவில்லையே. நான் கீழ்வேளூர்ப் பக்கம், வயலின் கற்றவன். என் அனுபவத்தில்:

சங்கராபரணம், கீரவாணி, நடபைரவி, கரகரப்ரியா இதெல்லாம் கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தாங்கும். தவக்காலத்துக்குக் கரகரப்ரியா எனக்குப் பிடித்தது. ச மைனர்தான், ஆனால் ம-த-ச மேஜராக வரும். அழுகையின் நடுவில் ஜன்னல் திறந்த மாதிரி. தோடி, முகாரி, சஹானா பக்கம் நாலு குரலோடு போகாதீர்கள். அங்கே சுரம் ஒரு இடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். நாலு பேர் நாலு விதமாக ஆட்டினால் சந்தைதான்.

ஆளுக்கு ஆள் கேட்பது மோகனம். சுலபம் என்று நினைத்துக் கையை வைப்பார்கள். ச ரி க ப த மட்டும். மத்யமமும் நிஷாதமும் இல்லாததால் முழுசாகக் கிடைக்கிற மூன்று சுரக் கார்டு இரண்டே இரண்டு, ச-க-ப, த-ச-க. கீபோர்டுக்காரர்கள் பழக்க தோஷத்தில் இடது கையில் மத்யமத்தைக் கொண்டுவந்து போடுவார்கள், உடனே மோகனம் ஓடிப்போகும். ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. பக்கத்துச் சுரங்களுக்கு நடுவே அரைச்சுர இடைவெளி எங்கேயும் இல்லை. அதனால் ஒரு குழு பாடிய வரியை நாலு அட்சரம் தள்ளி அடுத்த குழு அதே மெட்டில் ஆரம்பித்தாலும் பெரிதாக மோதாது. ஆல்டோவுக்குத் தனியாக எதுவும் சொல்லித்தர வேண்டாம்! எல்லாருக்கும் ஒரே மெட்டு, கேட்கிறவர்களுக்கு மூன்று குரல். 14 பேர் குழுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

பல்லவியை மட்டும் இதில் மாட்டாதீர்கள். ஜனங்கள் ஒரு தடவை கேட்டு உடனே திருப்பிப் பாட வேண்டும். ஒரு ஸ்தாயிக்குள், முடிந்தால் ஐந்து சுரத்துக்குள் முடியுங்கள். சுருதி இரண்டு கட்டைக்கு மேல் போக வேண்டாம்.

---

பறைக்காரன் மகன் | 21 செப்டம்பர் 2024

எல்லாம் படித்தேன். சங்கராபரணம், கீரவாணி, பாக், தீட்சிதர். டெல்டாவில் நாத்து நட்டவர்களும் களத்தில் அடித்தவர்களும் பாடிய பாட்டு ஒன்றும் இந்த இழையில் இன்னும் வரவில்லை. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு ஐயா வழிபாடு முழுவதையுமே நாட்டுப்புற மெட்டில் கட்டினார். கர்நாடக சங்கீதத்தைத் "தமிழ் மரபு" என்று கோயிலுக்குள் கொண்டுவரும்போது யாருடைய மரபு என்று கேட்டவர் அவர்.

எங்கள் ஊரில் தேர் ஊர்வலத்துக்குப் பறை வேண்டும். வாசற்படி வரை வரலாம். உள்ளே கீபோர்டில் "பறை" என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால் சத்தம் வரும், அதற்குத் தடை இல்லை. அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

---

மாயவரத்து மணி | 21 செப்டம்பர் 2024

தம்பி சொல்வது வலிக்கிறது, ஆனால் தவக்காலத்தில் வாத்தியமே பாடலுக்குத் துணையாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்று விதி. அப்போது பறை எப்படி?

---

பறைக்காரன் மகன் | 21 செப்டம்பர் 2024

அண்ணே, தவக்காலம் நாற்பது நாள். வருஷத்தில் மிச்சம் முன்னூற்றுச் சொச்சம் நாள் இருக்கிறதே.

---

குடமுருட்டி | 22 செப்டம்பர் 2024

மகன் சொல்வதில் ஒரு விஷயம் இந்தப் பாட்டுக்கே தேவையானது. நடவுப் பாட்டு எப்படிப் பாடுவோம்? ஒருத்தி வரி எடுப்பாள், மற்றவர்கள் குனிந்தபடியே கடைசிச் சொல்லை வாங்கித் திருப்பிப் போடுவார்கள். பதிலுரைப் பாடல் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே ஏற்பாடுதான். 126இன் கடைசி வசனத்தைப் பாருங்கள். "விதை எடுத்துச் செல்லும்போது, செல்லும்போது" என்று சொல் இரட்டித்து வருகிறது. "வரும்போது, வரும்போது" என்று மறுபடியும். முதல் "செல்லும்போது" முன்னவளுக்கு, இரண்டாவது மற்றவர்களுக்கு. எழுதியவர் நடவு பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும், அது கோதுமையோ வாற்கோதுமையோ, எதுவாக இருந்தால் என்ன.

இதில் வருகிற "அரி" என்ற சொல்லும் நம் வயல் சொல். அறுத்ததை அரி அரியாகப் போட்டுக் கட்டுவோம். மெஷின் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு விளக்கத்தான் வேண்டும்.

---

வெண்ணாற்றங்கரை | 6 அக்டோபர் 2024

இரண்டு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். "நீ நடவுக்குப் போனப்ப என்ன பாடுவீங்க?" அம்மா அடுப்படியில் இருந்தார். "அதெல்லாம் மறந்துபோச்சு, இப்ப யாரு நடுறா, வெதச்சுதான விடுறோம்" என்றார். கரண்டியைக் கழுவிக்கொண்டே அப்புறம் ஒரு வரி முனகினார். வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். போனை எடுப்பதற்குள் நிறுத்திவிட்டார். மறுபடி கேட்டால், "சேத்துல நிக்காம வராது" என்கிறார்.

பிடித்தவரை எழுதிப் பார்த்தேன். நாலே சுரம், ச ரி க ப. ஓடி ஓடி வந்து கீழே ச-வில் உட்காருகிறது. "பெருமகிழ்ச்சியுறுகின்றோம்" அதில் வழுக்கிக்கொண்டு போகிறது. உபதேசியார் பேரனின் எட்டுப் படி, ஒரு திண்ணை, அப்படியே இருக்கிறது.

நாலு குரல் வருகைப் பாடலைப் பெட்டியில் போட்டுப் பூட்டியாகிவிட்டது. டெனர் அண்ணன் கோபிக்க வேண்டாம்.

---

தரங்கை டெனர் | 6 அக்டோபர் 2024

கோபமில்லை. கிறிஸ்துமஸ் இரவுக்குத் திறப்பீர்கள். அதுவரை சோப்ரானோவில் உகரத்தைப் பிடுங்கி வையுங்கள்.

---

திருவையாறு திருப்பலி | 11 அக்டோபர் 2024

எல்லாரும் கவிஞராகிவிட்டீர்கள், நடைமுறை ஒன்று சொல்கிறேன். பல்லவியின் வார்த்தையை மெட்டுக்காக மாற்றாதீர்கள். வாசக நூலில் உள்ளது உள்ளபடி. காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் என்றால் சொந்தமாக எழுதலாம், அதையும் சாமியார் பார்த்து, தேவைப்பட்டால் மறைமாவட்டத்தில் காட்டிய பிறகுதான். திருவருகையில் "உன்னதங்களிலே" என்ற வானவர் புகழ்ப்பாட்டு கிடையாது. தவக்காலத்தில் அதுவும் இல்லை, அல்லேலூயாவும் இல்லை. அதனால் அந்த இரண்டுக்கும் போடுகிற உழைப்பை டிசம்பர் 24க்கும் பாஸ்கா திருவிழிப்புக்கும் (ஈஸ்டருக்கு முந்தின இரவு) தள்ளி வையுங்கள். பெரிய வியாழன் "உன்னதங்களிலே"வில் மணி அடித்தபின் திருவிழிப்பு வரைக்கும் மணி கிடையாது, மரக்கட்டைதான். அந்தத் திருவிழிப்பில் திரும்ப வரும்போது உங்கள் மோகனம் கேனனை (ஒரு குழுவைத் தள்ளி அடுத்த குழு தொடரும் அந்தப் பாட்டை) வையுங்கள். கூரை பறக்கும்.

சினிமா மெட்டு மட்டும் வேண்டாம். ஒரு பங்கில் காணிக்கைப் பாட்டு ஆரம்பித்ததும் பையன்கள் வரிசையே அடுத்த வரியைச் சினிமா வார்த்தையில் பாடிவிட்டது. சாமியார் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

---

காவிரி கிளாரினெட் | 11 அக்டோபர் 2024

எந்தப் பாட்டு என்று தனி மடலில் சொல்லவும்.

---

வெண்ணாற்றங்கரை | 9 டிசம்பர் 2024

நேற்று 126 பாடினோம். நவம்பர் கடைசியில் விழுந்த மழையில் எங்கள் பயிரில் பாதி இன்னும் தண்ணீருக்குள். கோயிலுக்கு வந்தவர்கள் காலில் சேறு. உள்ளே ஈர வாடை. மின்சாரம் விட்டு விட்டு வந்ததால் கீபோர்டை நம்பாமல், மூத்த அக்காவைத் தனியாக எடுக்கச் சொன்னேன். முதல் தடவை பல்லவிக்கு ஜனங்கள் பதில் சொல்லவில்லை. இரண்டாவதில் பின்னாலிருந்து பெண்கள் குரல் வந்தது. "செல்லும்போது" என்று அக்கா நிறுத்தியதும், யாரும் சொல்லித்தராமலே இரண்டாவது "செல்லும்போது" அவர்களே வாங்கிக்கொண்டார்கள். ஆனால் "பெருமகிழ்ச்சியுறுகின்றோம்" மெதுவாகத்தான் வந்தது. நான் எழுதிய வேகத்தில் இல்லை. நான் விரட்டவில்லை.

---

குடமுருட்டி | 9 டிசம்பர் 2024

விரட்டாதது நல்லது. எங்களுக்கும் மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் யூரியா போட வேண்டும்.

---

வெண்ணாற்றங்கரை | 7 ஏப்ரல் 2025

இந்த இழையை மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நேற்று தவக்காலம் 5ஆம் ஞாயிறு, அதே 126. தபலா இல்லை, கீபோர்டு சுருதிக்கு மட்டும். மகசூல் குறைவுதான், ஆனால் அறுத்தாகிவிட்டது. மெஷின் ஓட்டும் அண்ணன் திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். டிசம்பரில் நான் எழுதிய பல்லவி ச-வில் முடியும். நேற்று ஜனங்கள் கடைசி முறை "றோம்" என்பதை ப-வுக்கு ஏற்றி முடித்தார்கள். ஆரம்பித்தது என் அம்மா. திட்டம் போட்டெல்லாம் இல்லை, கேட்டால் "அப்படித்தான் வந்துச்சு, அறுப்புக்கு அப்படித்தான் முடிப்போம்" என்கிறார். நொட்டேஷனில் திருத்தி வைப்பதா, அல்லது திருவருகைக்கு ஒன்று, தவக்காலத்துக்கு ஒன்று என இரண்டாக எழுதுவதா?

---

உபதேசியார் பேரன் | 7 ஏப்ரல் 2025

இரண்டாக எழுதுங்கள். இரண்டாவதன் மேல் அம்மா பெயரைப் போடுங்கள்.

---

பறைக்காரன் மகன் | 7 ஏப்ரல் 2025

திருவிழிப்புக்கு வரட்டுமா? 19ஆம் தேதி ராத்திரி அப்பாவுக்கும் வேலை இல்லை.

---

வெண்ணாற்றங்கரை | 8 ஏப்ரல் 2025

சாமியாரிடம் இன்று காலையில் கேட்டுவிட்டேன் தம்பி. "உன்னதங்களிலே"வுக்கு, உள்ளே, பீடத்துக்கு இடது பக்கம். ஒத்திகை வியாழக்கிழமை இரவு ஏழு மணி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பறை காய்ச்ச வெளியே வைக்கோல் போட்டு வைக்கிறேன்.

---

கல்லணைக் கால்வாய் | 8 ஏப்ரல் 2025

மோகனம்தானே? சுருதி என்ன?

---

வெண்ணாற்றங்கரை | 8 ஏப்ரல் 2025

இரண்டு கட்டை. இரண்டரை வைத்திருந்தேன், பையன்களில் ஒருத்தனுக்குப் போன வாரம் குரல் உடைந்துவிட்டது.